டீசல் கிழவனின் தீர்த்த யாத்திரை

ஏலே மருமவனே, நீ அனுப்புன போட்டோ எல்லாம் வந்து சேந்துச்சு. ஆர்.கே.புரம் குவாட்டர்ஸுல ரஜாய்க்குள்ள சுருண்டு கிடந்து ஒண்ணொண்ணாத் தள்ளிப் பாத்தேன். கடலைத்தான் தேடினேன். உன் காதுக்கும் தோளுக்கும் நடுவுல கொஞ்சூண்டு நீலம் தெரிஞ்சுது. அதுக்குக் கீழ ‘அரபிக் கடல்’னு எழுதியிருந்தே. நல்லவேளை, எழுதினே, இல்லாட்டி உன் சட்டைன்னு நெனச்சிருப்பேன்.

வெறும் நுரைதான் பாக்கணும்னா காளிந்தி குஞ்சுக்குப் போயிருந்தாப் போதுமேடா. யமுனையில அவிச்ச பஞ்சு மாதிரி மிதக்கு. சோப்புத் தண்ணியும் சாக்கடையும் சேந்த நுரைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் டெல்லிக்காரன் இடுப்பளவு அதுல நின்னு சூரியனைக் கும்பிடுதான். இங்கன அந்தச் சூரியனும் வெள்ளைப் பூசணிப் பத்தை மாதிரிதான் வருது, பத்து மணிக்கு மேல.

நீ ஏன் கிளம்பினேன்னு எனக்குத் தெரியாதா? வண்டிக்குப் பத்து வயசு. டீசல் வேற. பத்து வருசம் தாண்டின டீசல் வண்டி டெல்லியில ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல சொல்லிச்சு. 2018-ல உச்ச நீதிமன்றமும் ஆமான்னுது. 2025 ஜூலை 1 முதல் பங்க்குல எண்ணெயே ஊத்தக்கூடாதுன்னாவ. ரெண்டே நாள்ல ‘சரி, ஊத்து’ன்னாவ. ஆகஸ்டுல அதே உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் வச்சு வண்டிக்காரன் மேல கைவைக்காதேன்னுது. இதுல எவன் நிம்மதியா வண்டி வச்சிருப்பான்? நீ என்.ஓ.சி. வாங்கிட்டு, கடைசியா ஒரு சுத்து சுத்திக் காட்டுதேன்னு வண்டியக் கூட்டிட்டுப் போயிட்டே. எனக்கு எழுபத்து நாலு. காலையில இருமினா நானும் புகைதான் விடுதேன். என்னை மட்டும் பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்த இங்கனயே விட்டுட்டே. பெரியவங்க மேல மரியாதை உள்ள பய!

வண்டியை ஊருல சேக்கத்தான் சோலின்னா, டெல்லியிலேருந்து 44-ஆம் நம்பர் ரோட்டுல ஏறி ஆக்ரா, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு, மதுரைன்னு ஒரே கோடு. கன்னியாகுமரியில கொண்டுபோய் இறக்கி விட்டுரும். உனக்கு அது ஆவாது. கடலோரமாத்தான் போவேன்னு மேக்க திரும்பி ஜெய்ப்பூர், உதய்ப்பூர் சுத்தி பன்வேல்ல 66-ஐப் புடிச்சே. அதுக்கு ‘கோஸ்டல் ரோடு’ன்னு பேரு வச்சே. மாப்ள, கொங்கணத்துல அந்த ரோடு மலையடிவாரத்துலயில்லா போவுது! கோவா தாண்டுத வரைக்கும் கடலை மோந்து பாக்கக்கூட முடியாதே. அகலப்படுத்துதோம்னு 2011-ல தோண்ட ஆரம்பிச்ச ரோடு அது. அன்னைக்குப் பொறந்த பிள்ளைக்கு இப்ப மீசை அரும்புது. ரோட்டுக்கு இன்னும் பல்லு முழுசா முளைக்கல. கடல் வேணும்னா தாபோல், ஜய்கட் பக்கம் காரோட படகுல ஏறி ஏறிக் காயல் தாண்டணும். நீ ஒரு தடவை ஏறிட்டு, வண்டிக்குத் தலை சுத்துதுன்னு திரும்பிட்டியாமே. உன் அத்தை சொன்னா.

ஆனா மரவந்தேயில எடுத்த படத்தைப் பாத்து நான் வாயை மூடிட்டேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவுல வரப்பு மாதிரி ரோடு. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் ரோட்டுக்கு ரெண்டு பக்கம் உக்காந்து, பேச்சு வார்த்தை இல்லாத ரெண்டு சம்பந்தி மாதிரி. அந்த ஒரு படத்துலதான் உன் மூஞ்சி இல்ல.

மாஹேயில நின்னது எதுக்குன்னு நான் கேக்கல. புதுச்சேரிக் கணக்குல உள்ள ஊரு, டீசல் விலை குறைவு, டேங்கை நிரப்பினேன்னு சொன்னே. நிரப்பினது வண்டிக்கு மட்டுந்தானான்னும் கேக்கல. ராத்திரி போன்ல ‘மாமா, நீங்க தெய்வம்’னு மூணு வாட்டி சொன்னே பாரு, அதுலயே கணக்கு தெரிஞ்சு போச்சு.

இப்ப ஆலப்புழையில நிக்கியாம். கடக்கரைக்கு மேல தூக்கிக் கட்டின அந்த பைபாஸ் உன் தாத்தா காலத்துப் பேச்சு. 2021 ஜனவரியிலதான் திறந்தாவ. அதுல போறப்பவாவது கண்ணாடியை இறக்கி விட்டுப் பாரு. ஏ.சி. காத்து டெல்லியிலயும் கிடைக்கும்.

இனிமே சொல்லுததை நல்லாக் கேளு. இத்தனை நாளு ஒழுங்கா ஓட்டினவன் கடைசி எட்டுலதான் சறுக்குவான். வண்டி மாட்டைப் பாத்திருக்கியா? போறப்போ இழுக்க மாட்டாம இழுக்கும். திரும்புறப்போ தொழுவம் நெருங்கினா போதும், நாலுகால் பாய்ச்சல்தான். வண்டிக்காரன் தூங்கிட்டாலும் வாசல்ல கொண்டு நிறுத்திரும். உன் காருக்குத் தொழுவம் தெரியாது. நீ தூங்கினா அதுவும் தூங்கிரும், தென்னை மரத்துல சாஞ்சு. அதனால திருவனந்தபுரத்துல ராத்தங்கிரு. களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் நெருக்கடியில ஆரனை அமுக்காதே. அங்கன ஒருத்தனும் உன் ஆரனுக்காவ வழி விட மாட்டான். அவன் பாட்டன் காலத்துலேருந்து அந்த ரோட்டுல நிக்கான்.

கன்னியாகுமரியில வள்ளுவர் 133 அடி உசரத்துக்கு 2000-லேருந்து நிக்காரு, ஒரு செல்ஃபி எடுத்ததில்ல. அவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல 77 மீட்டர்ல கண்ணாடிப் பாலம் போட்டிருக்காவ. அதுலயாவது போனைப் பைக்குள்ள வச்சிட்டு நட. காலுக்குக் கீழ கடல் கிடக்கும். தலையைத் திருப்பாமலே பாத்துரலாம்.

அங்கேயிருந்து கூடங்குளம், உவரி, மணப்பாடுன்னு கெழக்க வா. உவரி தாண்டினா காத்துல மணல் ரோட்டுல ஏறிக் கிடக்கும். பிரேக்கைச் சவட்டாதே, வழுக்கும். உடங்குடியில கருப்பட்டி வாங்குதேன்னு அலையாதே. மார்கழியில பனை ஏற மாட்டான். ‘புதுசு’ன்னு பளபளன்னு எடுத்து நீட்டினா சீனிப் பாகு கலந்ததுன்னு அர்த்தம். பழசு, கறுத்து, மேல லேசாப் பூத்துக் கிடக்கும் பாரு, அதைக் கேளு. ரெண்டு கிலோ எனக்கு. உன் பொஞ்சாதிக்கு மிச்சம்.

பொறவு, வண்டி. நான் எனக்காவச் சொல்லல. எவனோ ஒரு புரோக்கர்ட்ட அரை விலைக்குத் தள்ளப் போறேன்னு கேள்விப்பட்டேன். பத்து வருசம் உன்னையும் பிள்ளைகளையும் சுமந்த சீவனை அப்படித் தள்ளலாமா? நம்ம வீட்டுல நிறுத்து. வேற மாநிலத்து வண்டியை 12 மாசத்துக்குள்ள நம்ம நம்பருக்கு மாத்திக்கிடலாம். திருச்செந்தூர் ஆபீஸுல டி.என். 92-ன்னு போட்டுக் குடுப்பாவ. நீ 3,000 ரூவா கட்டி வாங்கின ஃபாஸ்டேக் பாஸுல 200 தடவை உண்டுன்னே. மிச்சத்தை வீணாப் போக விடலாமா? மூத்த மவ வீட்டுக்கு நாகர்கோவில் போக நாங்குநேரி சுங்கச்சாவடி ஒண்ணு போதும், நான் தீத்துருவேன். குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் விட எடம் கட்டுதாவ. ராக்கெட்டே நம்ம பக்கத்துல வந்து நிக்கப்போவுது, உன் டீசல் நிக்கக் கூடாதா?

எனக்கு ஓட்டத் தெரியுமான்னு சிரிக்காதே. டிராக்டர் ஓட்டின கை. லைசென்ஸை டெல்லிக்கு வாறதுக்கு முந்தியே புதுப்பிச்சு வச்சிட்டேன். தற்செயலாத்தான்.

நீ திருக்குறள் எக்ஸ்பிரஸுல வடக்க வா, நான் அதே ரயில்ல தெக்க வாறேன். எங்கயாச்சும் எதுத்தாப்புல போனா கை காட்டு. வேப்பமரத்தடியில மட்டும் நிறுத்தாதே, காக்கா நாசம் பண்ணிரும். கன்னுக்குட்டித் தொழுவத்துல நிறுத்து. நீளம் பதினாலு அடி, அகலம் எட்டு. போன ஆடியிலயே முழம் போட்டு அளந்தாச்சு. சாவியை அரிசிப் பானைக்குள்ள போட்டுரு. அத்தை கேட்டா, மாமாவுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லு.