நாரணாபுரத்தில் ஒரு மௌன விரதம்

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் சத்தத்துக்கா பஞ்சம்? நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வெடி 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று அரசே வரம்பு கட்டிய தொழில் நடக்கும் ஊர். அங்கே உட்கார்ந்து, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, ஒரு பாட்டுப் போட்டால் கிணற்றில் போட்ட கல்.

சவுண்டு கார்டு இருக்கிறதா? இருக்கிறது. டிரைவர்? கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கிறது. லினக்ஸின் ஒலி அமைப்பாக முதலில் ஓஎஸ்எஸ், 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலோடு அல்சா, அதன் தலைமேல் பல்ஸ்ஆடியோ, இப்போது பைப்வயர். இத்தனை வாரிசுகள் பட்டத்துக்கு வந்தும் ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை.

சங்கதி சின்னதுதான். புதிய கார்டைக் கண்டால் அல்சா பல சமயம் சேனல்களின் வாயை மூடியே வைத்திருக்கும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் அல்சாமிக்சரைத் திறந்தால், மூடிய சேனலில் ‘எம்எம்’ என்று நிற்கும். ‘எம்’ விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். திடீரென்று அலறிவிடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கையாம். இந்த அக்கறையில் பாதி சில பட்டாசுக் கிட்டங்கிகளுக்கு வந்தால் புண்ணியமாகப் போகும்.

இன்னொரு கூத்து: ஒலியை முழுக்க ஏற்றினால் பல கார்டுகளில் அது காட்டும் அளவு 0 டெசிபல். அங்கே பூஜ்யம்தான் உச்சம். பசுமைப் பட்டாசுக்கு உரிமம் கேட்டு அலையும் அண்ணாச்சிமார் இந்த அளவுகோலை ஒருமுறை சிபாரிசு செய்து பார்க்கலாம்.