டாக்டர் வைத்திருந்த கேமரா

பழைய பொருள் விற்கும் ஒவ்வொருவர் கைவசமும் ஒரு டாக்டர் இருக்கிறார். பழைய கார் என்றால் டாக்டர் ஓட்டியது. பழைய ஃபிரிட்ஜ் என்றால் டாக்டர் வீட்டில் இருந்தது. பர்மா பஜாரில் நான் கையில் எடுத்துப் பார்த்த சின்ன கேமராவும் டாக்டருடையதுதான். “மூணு கல்யாணம், ஒரு ஊட்டி டூர். அவ்வளவுதான் சார் எடுத்திருக்காரு” என்றார் கடைக்காரர். மூன்றுமே டாக்டரின் கல்யாணமா, அவர் சாப்பிடப் போனதா என்று கேட்க வாய் வரை வந்தது. பேரம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போதே வீட்டில் வேறு கேள்வி. “கையிலதான் போன் இருக்கே, கேமரா எதுக்கு?” மயில் தோகை விரிக்கிற நேரம் பார்த்துத்தான் யாராவது பர்சனல் லோன் வேண்டுமா என்று போனில் அழைக்கிறார்கள் என்றேன். நிஜமான காரணம் ஜூம். சின்ன கேமராவிலும் லென்ஸ் வெளியே நீண்டு தூரத்துக் காட்சியைப் பக்கத்தில் இழுக்கும். பல போன்கள் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அதற்கும் ஜூம் என்றே பெயர் வைத்துக்கொள்கின்றன.

2010-ல் உலகம் முழுக்க விற்பனைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். பெரும்பாலும் சட்டைப்பை ரகம். பிறகு போன் அந்த வியாபாரத்தைத் தின்றுவிட்டது. கேமராக்கள் பீரோவுக்குள் போயின. பட்டுப்புடவைக்கு அடியில் பாச்சை உருண்டை வாசனையோடு கிடந்தவற்றை இப்போது கல்லூரிப் பிள்ளைகள், சிசிடி என்ற பழைய ரக சென்சார் தரும் ‘சிசிடி கலர்’ என்று தேடி வாங்குகிறார்கள். விலை ஏறிவிட்டது.

“உங்க கையில இருக்கிறது வெறும் 10 மெகாபிக்சல் சார், இதுல 20” என்று இன்னொன்றை நீட்டினார் கடைக்காரர். 10 மெகாபிக்சல் படத்தை ஏ4 தாளில் தெளிவாகவே அச்சடிக்கலாம். தவிர, என் படங்கள் போகப்போவது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு. போகிற வழியிலேயே இளைத்துவிடும். நான் பார்ப்பது சென்சாரின் அளவை. 2010-ல் வந்த கேனான் எஸ்95 அந்த 10 மெகாபிக்சல் ரகம்தான். ஆனால் அன்றைய மலிவுக் கேமராக்களைவிடப் பெரிய சென்சார், மங்கல் வெளிச்சத்துக்கு எஃப்2 லென்ஸ். 2012-ல் சோனி ஆர்எக்ஸ்100 ஒரு அங்குல சென்சாரோடு வந்தது. அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். இந்த அங்குலத்தை எந்தத் தச்சரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

டாக்டரின் மூன்று கல்யாணத்தைச் சரிபார்க்கவும் வழியில்லை. படத்தின் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001 என்று பச்சைக் குழந்தையாகிவிடும். எனவே சாட்சி சொல்ல வேண்டியது லென்ஸ்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தது. “தூசு சார், துடைச்சா போயிடும்” என்றார். அது பூஞ்சை. நம் கடற்கரைக் காற்றில் தானாக விளைகிற பயிர்; துடைக்கக் கை போகாத இடத்தில்தான் விளையும். அடுத்த கேமரா லென்ஸை நீட்டும்போதே கரகரவென்றது. யாரோ மெரினா மணலையும் சேர்த்து மூடிவைத்திருக்கிறார்கள். இந்த ரகத்தில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. சரிசெய்யும் செலவில் இன்னொரு கேமராவே கிடைத்துவிடும்.

ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. பழைய ஒலிம்பஸ். ஆனால் அதற்கு எக்ஸ்டி கார்டு வேண்டும். இப்போது அந்த கார்டைத் தேடி அலைந்து, சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக். எஸ்டி கார்டு போடுகிற கேமராவிலும் 2006-க்கு முந்தையது என்றால் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது.

கடைசியில் ஒரு எஸ்95-ஐ வாங்கினேன். லென்ஸைக் கையால் மூடி ஒரு படம் எடுத்து, கறுப்பில் வண்ணப் புள்ளி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பணம் கைமாறியது. அதன் பேட்டரி மட்டும் பூரி மாதிரி உப்பியிருந்ததால் புதிது வாங்க வேண்டியதாயிற்று.

உங்கள் பீரோவிலும் ஒன்று இருந்தால், பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். கூடவே சார்ஜரையும் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாத கேமராவுக்கு நாங்கள் பாதி விலைதான் கேட்போம்.