கடைசிப் பக்கத்திலிருந்து இயற்பியல்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து “எங்க காலத்துல பாடமே வேற” என்று சமாளிக்கும் அப்பாக்களுக்கும் இந்த வழிகாட்டி.

இயற்பியல் வீட்டுப்பாடத்தை ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு முன் தொடக்கூடாது. சனிக்கிழமையே எடுத்தால் யோசிக்க அவகாசம் கிடைத்துவிடும்.

கணக்கை முழுதாகப் படிக்க வேண்டாம். எண்களுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றிருந்தால் 72 என்றே போடுங்கள். 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டராம். கம்பீரமான 72ஐ விட்டு யார் 20க்குப் போவார்கள்?

40 மீட்டர் உயர மாடியிலிருந்து, வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கல்லை மேலே எறிகிறார்கள். எப்போது தரையைத் தொடும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் (9.8 என்று வைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது) 4 வினாடி, மைனஸ் 2 வினாடி என்று இரண்டு விடை வரும். இரண்டையும் எழுதிவிடுங்கள். எறிவதற்கு 2 வினாடி முன்பே கல் விழுந்துவிட்டதா என்பது திருத்துகிறவர் கவலை.

இனி கப்பிக் கணக்கு. நம் முறையின் முழு அழகும் இங்கேதான். நிறையற்ற கயிறு, உராய்வற்ற கப்பி, ஒரு பக்கம் 3 கிலோ குண்டு, மறுபக்கம் 2 கிலோ. முடுக்கம் என்ன, கயிற்றின் இழுவிசை என்ன? (1784இல் இந்தக் கருவியைப் பற்றி நூல் வெளியிட்ட ஜார்ஜ் அட்வுட், உராய்வைக் குறைக்கக் கப்பியின் அச்சைச் சின்னச் சக்கரங்கள் மேல் உட்காரவைத்தார். நமக்கு ‘உராய்வற்ற’ என்ற ஒரு சொல்லிலேயே வேலை முடிந்தது.)

படம் வரையாதீர்கள். நேரே புத்தகத்தின் கடைசிப் பக்கம். முடுக்கம் 2. கையில் இருப்பவை 3, 2, 10. 3ஐயும் 2ஐயும் கூட்டி 10ஐ வகுத்தால், 2! இழுவிசைதான் படுத்தும். விடை 24 நியூட்டன். ஒரு பக்கம் எடை 30, மறுபக்கம் 20, சராசரி 25. ஒன்று உதைக்கிறது. உராய்வு தின்றுவிட்டது என்று எழுதலாமென்றால், கப்பிதான் உராய்வற்றதாயிற்றே! பதினொன்றரை வரை மூன்று எண்களையும் கூட்டிக் கழித்துப் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்தது 4 கிலோவும் 2 கிலோவும். அதே வழியில் 10ஐ 6ஆல் வகுத்தால் 1.67. கடைசிப் பக்கத்திலோ 3.33. சரியாக இரண்டு மடங்கு. அச்சுப்பிழை என்று முடிவுகட்டித் தூங்கப் போங்கள்.

காலையில் பக்கத்து பெஞ்ச் மாணவியின் நோட்டு கண்ணில் படும். குண்டுகளைத் தனித்தனியாக வரைந்து, கயிறு இழுப்பதற்கு மேலே ஓர் அம்பு, எடைக்குக் கீழே ஓர் அம்பு. 30இல் இழுவிசை போனால் முடுக்கத்தின் 3 மடங்கு. இழுவிசையில் 20 போனால் 2 மடங்கு. இரண்டையும் கூட்டினால் இழுவிசை அடிபட்டு, 10 என்பது முடுக்கத்தின் 5 மடங்கு என்று நிற்கிறது. நீங்கள் போட்ட அதே 10, அதே 5. ஆனால் அவளுடைய 10, 30இல் 20 போன மிச்சம், உங்களுடையது புவியீர்ப்பு. குண்டுகளுக்குள் வித்தியாசம் ஒரே கிலோவாக இருந்ததால் நேற்று இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 4, 2 கணக்கில் அவளுக்கு மிச்சம் 20.

முதல் பீரியடே இயற்பியல்தான். நோட்டைக் கேட்டு வாங்குங்கள். எழுதும்போது அந்த அம்புகளையும் விடாதீர்கள்.