பின்னங்கால் சாயும் காவல்காரன்

கேள்வி: எங்கள் 5 மாத ராட்வீலர் குட்டி நிற்கும்போது பின்னங்கால் கணுக்கள் உள்பக்கம் சாய்ந்து, பாதங்கள் வெளியே விரிகின்றன. ராகிக் களியும் பப்பி ஃபுட்டும் கொடுக்கிறோம். கால்சியம் டானிக்கும் சேர்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டவே வேண்டாம்! 100 கிராம் ராகியிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பெரிய இனக் குட்டிகளுக்கான பப்பி ஃபுட்டிலும் தேவையானது இருக்கிறது. ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்குப் 'போதும்' என்று சொல்லத் தெரியாது. கொடுத்த கால்சியத்தை வாரி வாங்கிக்கொள்ளும். எலும்பு வளர்ச்சிதான் தாறுமாறாகும்.

கணுச் சாய்வு, தசை வலுத்ததும் சில குட்டிகளுக்குச் சரியாகிவிடும். ஆனால் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துக் குதித்து ஓடினாலோ, எழுந்திருக்கத் திணறினாலோ, இடுப்பு மூட்டுக் கோளாறாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுங்கள். எல்லை தாண்டினால் பெங்களூரு ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கொழுகொழு குட்டி கண்ணுக்கு அழகு, மூட்டுக்குப் பாரம். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த அமெரிக்க ஆய்வு 2002-இல் வெளியானது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது.

தடவினால் விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். வழவழ டைல்ஸ் தரையில் சாக்கு விரியுங்கள். மாடிப்படி ஏற்றமும் பைக் பின்னால் ஓட்டமும் ஒன்றரை வயது வரை வேண்டாம். அடுத்த குட்டி வாங்கும்போது விலையைக் கேட்குமுன் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள்.