லொக் மாஸ்டர்

பதுளையில் லினக்ஸ் சேர்வர் ஒன்று ஓடும் இடமெல்லாம் ஒரு லொக் மாஸ்டர் இருப்பார். பிறந்தது பசறைப் பக்கம் ஒரு லயத்தில். படித்தது ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில். அல்லது படிக்க ஆசைப்பட்டது. தாத்தா தோட்ட ஒபிஸில் செக்ரோல் எழுதியவர். யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று ஏட்டைப் புரட்டியதுமே சொல்லிவிடுவார். பேரனிடமும் லொக் என்ற பெயரில் அப்படியொரு செக்ரோல்தான் இருக்கிறது: எவன் எத்தனை மணிக்கு உள்ளே நுழையப் பார்த்தான், எந்தச் சேவை எப்போது விழுந்தது, எல்லாம் வரி வரியாக. தாத்தா அதைப் படித்தார். பேரன் எதில் வைத்துப் படிப்பது என்று இன்னும் யோசிக்கிறார்.

அவரிடம் போய் "டெயில் மைனஸ் எஃப்" என்று சொல்லிவிடாதீர்கள். கோப்பின் கடைசியில் புது வரி விழ விழக் காட்டும் அந்தப் பழைய கட்டளை அவருக்குக் கௌரவக் குறைச்சல். 2023இல் டெபியன் 12 வந்ததும் நிறுவினார். சிஸ்லொக் கோப்பைக் காணோம். யாரோ ஹேக் பண்ணி அழித்துவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் செய்தி போனது. அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லொக்கை அந்தப் பதிப்பு தானாக நிறுவுவதில்லை, குறிப்புகள் சிஸ்டம்டியின் ஜேர்னலில் பத்திரமாக இருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் செய்தி மட்டும் பஸ் ஸ்டாண்ட் போகவில்லை.

எல்நாவ் அவருக்குப் பிடித்திருந்தது. பல கோப்புகளை நேர வரிசையில் ஒன்றாகக் கோத்து, பிழைகளை நிறம் போட்டுக் காட்டும். தனி சேர்வர் கேட்காது. கேட்காததுதான் குறை.

ஆகவே லொக்குகளைச் சேர்த்துத் தேடிக் காட்டும் எலாஸ்டிக்சேர்ச், லொக்ஸ்டாஷ், கிபானா மூன்றையும் இறக்கினார். நூறு சேர்வர் வைத்திருக்கும் வங்கி செய்தால் நியாயம். இவர் பொறுப்பில் இருப்பதோ ஒன்றே ஒன்று, 4 ஜிபி நினைவகத்தோடு, ஒரு டியூஷன் சேரின் வினாத்தாள்களைச் சுமப்பது. முதல் இரண்டும் ஜாவாவில் ஓடுபவை. உட்காரவே அவ்வளவு இடமும் கேட்கும். இரவில் தளம் திணறியது. கிபானாவைத் திறந்து காரணம் பார்க்கலாமென்றால் கிபானாவும் திறக்கவில்லை.

"என்னா தம்பி, புள்ளைங்க பேப்பர் தெறக்க முடியலங்குதுங்க?"

"மொனிட்டரிங் போட்டுக்கிட்டு இருக்கேன் சேர். அது ரெடியானதும் காரணம் தெரிஞ்சிரும்."

உயர்தரம் படிக்கிற மாணவி ஒருத்தி பொறுமையிழந்து உட்கார்ந்தாள். ஜேர்னல்சிடிஎல்லில் கேர்னல் செய்திகளை மட்டும் எடுத்து, கிரெப்பில் ஒரு சொல் தேடினாள். நினைவகம் தீர்ந்துபோய், அதிகம் தின்ற ஆளைத் தேடிப்பிடித்துக் கேர்னல் கொன்றிருந்தது. செத்தது ஜாவா, அதாவது, காவலுக்கு வந்தவர். மூன்றையும் நிறுத்தியதும் வினாத்தாள் திறந்தது. சேர் அவளுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார், மாஸ்டருக்கும் சேர்த்துத்தான்.

மாஸ்டர் குன்றிப் போகிறவரல்ல. மறுவாரம் கொழும்புக்கு ரயிலேறினார். ஏறக்குறைய பத்து மணி நேரப் பயணம், மடியில் லொக் கருவிகளின் ஒப்பீட்டு அட்டவணை. பண்டாரவளையில் லோக்கி முன்னணியில் இருந்தது. நானுஓயாவில் கிரேலொக் முந்தியது. ஹட்டனில் வடை வாங்கும்போது இரண்டும் சமம். கோட்டையில் இறங்குகையில் அட்டவணையில் புதிதாக இன்னொரு கருவி சேர்ந்திருந்தது. அதற்கு 8 ஜிபி வேண்டுமாம்.