எட்டு மணிக்கு முதல் வருத்தம் வரவேணும்

லண்டனில் காய்ச்சல் வருவதென்றால் காலை ஏழே முக்காலுக்கு முன்னர் வந்துவிடவேண்டும். எட்டரைக்கு வந்தால் அது அன்றைய கணக்கில் சேராது. எங்கள் பக்கத்துக் குடும்ப டொக்டர்மாரின் சேர்ஜரிகளில் தொலைபேசி எட்டு மணிக்குத்தான் உயிர்பெறும். அன்றைக்கு ஜீபி என்ற அந்த டொக்டரைப் பார்க்கவேண்டிய வருத்தக்காரர் அத்தனை பேரும் அந்த ஒரே நிமிடத்தில்தான் எடுப்பார்கள். எட்டு இருபதுக்கெல்லாம் "இண்டைக்கு முடிஞ்சுது, நாளைக்குக் காலமை எடுங்கோ" என்ற பதில் வந்துவிடும். நாளைக்கும் காலை என்பது எட்டு மணிதான்.

ஹரோவில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடினால் முதல்நாள் இரவே ஆயத்தம் தொடங்கும். பொறுப்பு மனைவியுடையது. என் போன், அவருடைய போன், மகளின் போன் மூன்றும் இரவிரவாகச் சார்ஜில் கிடக்கும். விடிந்ததும் எல்லோரும் குசினி மேசையில் கூடுவோம். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு எடுத்தால் "சேர்ஜரி இன்னும் திறக்கவில்லை" என்று சொல்லித் துண்டித்துவிடும். எட்டு மணி தாண்டிப் பத்து விநாடியில் எடுத்தால் வரிசையில் இருபத்தெட்டாவது ஆள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகூர்த்தம் இருக்கத்தான் செய்கிறது. அதை எந்தச் சாத்திரியாரும் குறித்துத் தந்ததில்லை.

லைன் கிடைத்ததும் முதலில் டொக்டரின் குரலே கேட்கும். பரவசப்பட வேண்டாம், பதிவு செய்து வைத்தது. நெஞ்சு நோவென்றால் 999, எங்கே போவதென்று தெரியாவிட்டால் 111, சின்ன வருத்தமென்றால் பாமசி, இணையத்தில் படிவம் இருக்கிறது, ஊழியர்களைத் திட்டினால் பதிவிலிருந்து நீக்குவோம். இவ்வளவையும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். நேரில் பார்த்தபோது இதே டொக்டர் எங்களோடு இவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

டொக்டர் முடித்தால் அடுத்தது ரிசெப்சன். "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். விடுப்புக்கு அல்ல, யாரை டொக்டரிடம், யாரைத் தாதியிடம், யாரைப் பாமசிக்கு அனுப்புவதென்று பிரிப்பதற்காக டொக்டர்மாரே கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் தங்கள் உடம்பின் எந்தப் பாகத்தையும் தொலைபேசியில் பெயர்சொல்லி அழைப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது வராது. பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஒருமுறை மூலவருத்தம். ஒருவழியாக லைன் கிடைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினால், மறுமுனையில் நல்ல தமிழ் கேட்கிறது.

"அங்கிள், நான்தான். அம்மா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறவ. சொல்லுங்கோ, என்ன பிரச்சினை?"

அண்ணை ஒரு கணம் யோசித்தார். "இருமல், பிள்ளை."

"இருமலுக்குப் பாமசியிலையே மருந்து எடுக்கலாமே அங்கிள்."

"இது பழைய இருமல்."

"எவ்வளவு நாளா?"

சேர்ஜரிச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டி அண்ணைக்கு ஞாபகம் வந்தது. "மூண்டு கிழமைக்கு மேலை."

மூன்று கிழமைக்கு மேலான இருமல் என்றால் புற்றுநோயோ என்று பார்க்கவேண்டும். அது இங்கே விதி. அன்று பின்னேரமே அப்பொயின்ட்மென்ட் கிடைத்தது. டொக்டர் முன்னாலும் பின்னாலும் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதினார். எழும்பி வாசல்வரை வந்த பிறகுதான் அண்ணை உண்மையான வருத்தத்தை மெல்லச் சொன்னார். டொக்டர் சுவரைக் காட்டினார்: ஒரு சந்திப்புக்கு ஒரு பிரச்சினை மட்டும். நெஞ்சில் ஒரு குறையுமில்லை என்று பிறகு கடிதம் வந்தது. அண்ணை அதை நின்றுகொண்டே வாசித்தார்.

ரிசெப்சனில் இருப்பவர்களைத் திட்டுவது இந்த நாட்டில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பது கையளவு இடம், கேட்பதோ முழு ஊர். இல்லை என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். டொக்டர் நல்லவர் என்று பெயரெடுக்க, அந்தப் பிள்ளை பொல்லாதவள் என்று பெயரெடுக்கிறாள்.

இந்தக் கூத்தின் வேர் எங்கே என்று பார்த்தால், ஒரு நல்ல காரியத்தில் போய் முடிகிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்புறுதி கட்டிய தொழிலாளிக்கு டொக்டர் இருந்தார். அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் உண்டியலைக் குலுக்கிப் பார்க்கவேண்டும். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன அனைரின் பெவன், பிற்காலத்தில் சுகாதார அமைச்சராகி, 1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸைத் தொடக்கி, டொக்டருக்கும் வருத்தக்காரருக்கும் நடுவில் இருந்த காசை எடுத்துவிட்டார். கும்பிடவேண்டிய மனிதர். ஆனால் எல்லாருக்கும் வேண்டிய ஒன்றுக்குக் காசு வாங்காவிட்டால் வேறு எதையாவது வாங்கத்தான் வேண்டும். இங்கே எங்களிடம் காலை எட்டு மணியை வாங்குகிறார்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் சொத்து, ஜீபி சேர்ஜரிகள் அப்படியல்ல. பெரும்பாலானவை டொக்டர்மார் கூட்டாகச் சேர்ந்து என்.எச்.எஸ்ஸுடன் ஒப்பந்தம் செய்து நடத்துபவை. ஆகவே சேர்ஜரிக்கு ஒரு சட்டம். கலியாண வீட்டில் நாலு பேர் கூடினால் முதலில் விசாரிப்பது வீட்டு விலையை, அடுத்தது "உங்கட ஜீபி எப்பிடி?" அடுத்த தெருவில் அன்றைக்கே பார்க்கிறார்களாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மேசையில் உள்ள அத்தனை பேருக்கும் சோறு இறங்காது.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. எவரும் 48 மணித்தியாலத்துக்குள் ஜீபியைப் பார்க்கவேண்டும் என்று டோனி பிளேயர் அரசு 2000ஆம் ஆண்டில் ஓர் இலக்கு வைத்தது. சேர்ஜரிகள் பல அதை அச்சொட்டாக நிறைவேற்றின. எப்படியென்றால், 48 மணித்தியாலத்துக்கு அப்பால் எந்த நாளுக்கும் பதிவதே இல்லை. வருகிற கிழமை ஒரு நாள் தாருங்கள் என்றால், தரமுடியாது, தந்தால் இலக்குத் தவறிவிடும். 2005 ஏப்ரல் கடைசியில், பொதுத்தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கையில், பிபிசி தொலைக்காட்சியின் 'குவெஸ்சன் டைம்' நிகழ்ச்சியில் ஒரு பெண் எழும்பி இதைப் பிளேயரின் முகத்துக்கு நேரே சொன்னார். தனக்கு இது தெரியவே தெரியாது என்றார் பிளேயர். சபையிலிருந்த மற்றவர்களும் எங்களுக்கும் இதே கதைதான் என்றார்கள். எட்டு வருடம் பிரதமராக இருந்த மனிதர். நாட்டில் உள்ள எந்த ஆச்சியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். எட்டு மணிக்குப் போனும் கையுமாக நிற்கவேண்டிய தேவை பிளேயருக்கு வந்திருக்காது. 2010இல் வந்த அரசு அந்த இலக்கை எடுத்துவிட்டது. வரிசையை யாரும் எடுக்கவில்லை.

2023 மே மாதத்தில், எட்டு மணி நெரிசலுக்கு முடிவு கட்டுகிறோம் என்று இன்னொரு திட்டம். அதன் பயனாக சேர்ஜரிகளுக்குப் புதிய தொலைபேசிகள் வந்தன. முன்பு எடுத்தால் என்கேஜ் சத்தம் கேட்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வரிசை புதிதல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர். அவருக்குக் கோபம் வேறு. "முன்னுக்கு நிக்கிறது ஆர், பின்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு தெரியாத லைன் என்ன லைன்? ஒரு கதை காரியம் இல்லை. இடையிலை ஆரும் பூந்தாலும் பிடிக்கேலாது."

2025 ஒக்டோபர் 1 முதல், அவசரமில்லாத விசயங்களுக்கு இணையப் படிவத்தைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை திறந்தே வைத்திருக்கவேண்டும் என்பது இங்கிலாந்தில் ஒப்பந்த விதி. நல்ல விதிதான். படிவத்தை எழுதியவருக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது என்பதுதான் குறை. ஒரு பின்னேரம் மகள் மடிக்கணினியோடு பக்கத்தில் இருந்தாள்.

"அப்பம்மா, எப்ப இருந்து நோகுது எண்டு கேக்குது."

"சாவகச்சேரிச் சந்தையிலை விழுந்த நாள் துவக்கம்."

படிவம் நாள், கிழமை, மாதம் என்று மூன்று பெட்டிதான் வைத்திருந்தது. மகள் மாதம் என்பதைத் தெரிவுசெய்து ஏதோ ஓர் எண்ணைப் போட்டாள்.

"ஒண்டிலை இருந்து பத்து வரைக்கும், நோ எவ்வளவு?"

"தாங்கலாம். ஆனா ஏன் தாங்கவேணும்?"

மகள் ஏழு போட்டாள்.

"நெஞ்சு நோ ஏதும் இருக்கோ?"

"ஆருக்குத்தான் நெஞ்சு நோகேல்லை? உன்ர சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் கலியாணம் கட்டின நாள் துவக்கம் நோகுது."

மகளின் விரல் 'ஆம்' என்பதில் பட்டுவிட்டது. திரை முழுவதும் சிவந்தது. படிவத்தை இத்துடன் நிறுத்துகிறோம், உடனே 999க்கு எடுங்கள். முழங்கால் நோவோடு கதிரையில் இருந்த அம்மாவை ஐந்து நிமிடத்தில் அம்புலன்சில் ஏற்றப் பார்த்த அந்தப் படிவத்தை மூடிவிட்டு மகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். "அப்பம்மா, இனி 'ஓம்', 'இல்லை' மட்டும் சொல்லுங்கோ."

"ஓம் எண்டால்தானே இவ்வளவும் வந்தது?"

பாமசி பற்றியும் சொல்லவேண்டும். 2024 ஜனவரி 31 முதல் ஏழு வருத்தங்களுக்குப் பாமசிக்காரரே பார்த்து, தேவையென்றால் மருந்தும் தரலாம் என்று ஒரு திட்டம் இங்கிலாந்தில் நடக்கிறது. தொண்டை நோ, அக்கி, தொற்றுப்பட்ட பூச்சிக்கடி என்று ஒரு பட்டியல். அம்மாவுக்குக் காது குத்தியபோது பட்டியலில் காது நோவும் இருக்கிறதே என்று கூட்டிப் போனேன். இருக்கிறதுதான், ஆனால் ஒன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு. அம்மாவுக்கு எழுபத்தொன்பது. "அப்ப எண்பது வயசிலை காது நோகாது எண்டு ஆர் இவங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். பாமசிக்காரர் திருநெல்வேலித் தமிழர். சிரித்துக்கொண்டே, "ஜிபிய பாருங்க பாட்டி" என்றார்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தி இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். "நாங்கள் பின்னேரம் சனல் பண்ணி, இரவு ஸ்பெசலிஸ்டையே பாத்திட்டு வந்திடுவம். உங்கட லண்டனை வைச்சு என்ன செய்யிறது?" அங்கும் நம்பர் உண்டு, அரசாங்க ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு டொக்டர் வரும்வரை காத்திருப்பும் உண்டு, ஆனால் காசைக் கட்டினால் அன்றைக்கே ஆளைப் பார்க்கலாம். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று சித்தி சொல்லமாட்டார். மாதம் மாதம் நான் அனுப்புவது. ஆக, இங்கே இலவசமாகக் காத்துக் கிடக்கும் நான்தான் அங்கே காசு கட்டி வரிசையைத் தாண்டுகிறேன்.

படிவம் கடைசியில் வேலை செய்தது. மூன்று கிழமை கழித்து ஒரு நாள் என்று குறுஞ்செய்தி வந்தது. அன்றைக்குப் போனபோது சேர்ஜரிச் சுவரில் ஓர் அறிவித்தல்: போன மாதம் அப்பொயின்ட்மென்ட் எடுத்துவிட்டு வராமல் விட்டவர்கள் இத்தனை பேர். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை எப்படி ஒருவர் வராமல் விடுவார் என்பது எனக்கு விளங்காத மர்மம். மனைவி விளக்கினார்: காத்திருந்த நாளில் வருத்தம் தன்பாட்டில் மாறியிருக்கும், அதைச் சொல்வதற்கு எட்டு மணிக்கு எடுக்கவேண்டுமே.

பெயர் கூப்பிடும் மின்பலகையில் சிவப்பெழுத்தில் அப்பாவின் பெயர் ஓடியது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி என் கடைசிப் பெயரும் அதுதான், அம்மாவின் கடைசிப் பெயரும் அதுதான். இருவரும் எழும்பினோம். அப்பா உயிரோடு இருந்தவரை கொத்தமல்லித் தண்ணியையும் சித்தாலேபவையும் நம்பியவர். டொக்டரின் படியை மிதித்ததில்லை. "செத்தாப் பிறகு எத்தினை தரம் டொக்டரிட்டைக் கூப்பிடுறாங்கள் இந்த மனுசனை" என்று முணுமுணுத்துக்கொண்டு அம்மா நடந்தார்.

67 நாடுகளில் டொக்டர்மார் ஒருவரைப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வந்தது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், பங்களாதேசில் 48 விநாடி, பிரித்தானியாவில் 9 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. எங்களுக்குக் கிடைத்தவர் முப்பது வயதுத் தமிழ்ப் பெடியன். அம்மா கதிரையில் இருந்ததும் முழங்காலை மறந்துவிட்டார்.

"தம்பி எந்த இடம்?"

"ஹவுன்ஸ்லோ, அம்மா."

"அதில்லை. அப்பா எந்த இடம்?"

"புங்குடுதீவு."

"புங்குடுதீவிலை எந்த வட்டாரம்?"

பெடியனுக்குத் தெரியவில்லை. அம்மா விடவில்லை. வட்டாரம், கோயில், தாய்வழிப் பாட்டன் நடத்திய கடை என்று ஒவ்வொன்றாக விசாரித்துக் கடைசியில் ஓர் ஒன்றுவிட்ட உறவையும் கண்டுபிடித்தபோது சுவர் மணிக்கூட்டில் எட்டு நிமிடம் போயிருந்தது. மிச்ச நேரத்தில் பெடியன் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, பிசியோதெரபிக்கு எழுதி, நோ கூடினால் பரசிற்றமோல் போடச் சொன்னார். அம்மா அதைப் பனடோல் என்பார். வீட்டில் அது ஒரு பிஸ்கற் ரின் நிறைய இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முன்னரே போனில் குறுஞ்செய்தி வந்தது. சேர்ஜரியில் உங்கள் அனுபவம் எப்படி? மிக நன்று, நன்று, இரண்டுமில்லை, மோசம், மிக மோசம், தெரியாது. மகள் வாசித்துக் காட்டினாள்.

"மிக நன்று எண்டு போடு" என்றார் அம்மா.

"காரணம் எழுதச் சொல்லுது அப்பம்மா."

அம்மா மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"காரணம் கிடக்கட்டும். அந்தப் பெடியன் கலியாணம் கட்டிட்டாரோ எண்டு கேட்டு எழுது."