மடிக்கணினியும் அடாப்டரும் எழுப்பும் ஒலிகள்: ஒரு பிறப்பியல் நோக்கு

முன்னுரை

ஆய்வேட்டை ஆதிமனிதனிலிருந்து தொடங்குவது மரபு. ஆதிமனிதனிடம் லேப்டாப் இல்லை. எனவே அவனைப் பற்றிய பகுதி இங்கே சுருங்கிவிட்டது. அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள்க.

ஆய்வு நோக்கம்

வீடு அடங்கிய பின்னிரவில் சுவரோரச் சார்ஜரிலிருந்து எழும் கீச்சொலி எங்கே பிறக்கிறது, எப்போது அடங்குகிறது, அதற்குப் பயப்பட வேண்டுமா என ஆராய்வது. பதவி உயர்வுக்கான மதிப்பெண் பெறுவது துணை நோக்கம்.

ஆய்வு எல்லை

மிக்ஸி, கிரைண்டர், மேல்மாடியில் நள்ளிரவில் நாற்காலி இழுப்போர் ஆகியோர் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

முன்னாய்வுகள்

இப்பொருளில் இதற்குமுன் எவரும் ஆராயவில்லை. ஆய்வாளர் தேடிப் பார்க்கவில்லை என்பது இம்முடிவுக்கு மேலும் வலுச் சேர்க்கிறது.

தகவலாளிகள்

களத்தில் இறங்கியதும் ஒரு சிக்கல். சார்ஜர் கத்துகிறது என்கிறாள் பேத்தி. ஒன்றும் கேட்கவில்லை என்கிறார் தாத்தா. அதே தாத்தாவுக்குச் சமையலறையில் முறுக்கு டப்பா திறப்பது கேட்கிறது. எதிர்வீட்டு அண்ணாச்சியும் தாத்தா கட்சிதான் (அண்ணாச்சி, வாய்மொழி).

மனிதச் செவி 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடநூல் கணக்கு. வயது ஏற ஏற இதன் மேல்முனை தேயும். பழைய டப்பா டி.வி. காலத்திலேயே இந்த வழக்கு உண்டு. நம் ஊர் டி.வி.யில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம்; பெருக்கினால் 15,625. அந்த அதிர்வெண்ணில் பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சீட்டியடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அப்பா சவுண்டைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்தாலும், அடுத்த அறையில் இருந்தவர்களுக்கு டி.வி. ஓடுவது தெரிந்துபோனது இதனால்தான். வேல்ஸில் ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன் என்பவர் இந்தச் செவிப் பிளவையே தொழிலாக்கினார்: கடைவாசலில் கூடும் இளவட்டங்களை விரட்ட, அவர்களுக்கு மட்டுமே கேட்கும் கீச்சொலிக் கருவி. 2006-ல் அதற்கு இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ஆகவே, தாத்தாவும் பொய் சொல்லவில்லை, பேத்தியும் பொய் சொல்லவில்லை. இது இரு தரப்பையும் திருப்திப்படுத்தவில்லை (அண்ணாச்சி, மேலது, 'கேக்கலியே' என்று அவர் சொன்னது சார்ஜரையா, நாம் கேட்ட கேள்வியையா என்பது ஆய்வுக்குரியது).

ஆய்வுக் கருவிகள்

1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் நெஞ்சொலியைக் கேட்கக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டினார்; ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இவ்வாய்வும் அவ்வழியே ஆடித் தள்ளுபடி விளம்பரத் தாளைச் சுருட்டிக்கொண்டது. ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் காற்று வெளிவரும் இடுக்கு, கீபோர்டின் மூலைகள், சார்ஜரின் முதுகு என்று நகர்த்தினால், அறை முழுக்கப் பரவியிருந்த ஓசை விரற்கடை அளவு இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது கருவி ப்ளக்கைப் பிடுங்கும் கை. லேப்டாப்பிலிருந்து சார்ஜர் முனையைக் கழற்றுக. சத்தம் லேப்டாப்பில் தொடர்ந்தால் குற்றம் உள்ளே. சுவரில் தொங்கும் சார்ஜர் தனியே கத்தினால் குற்றம் அங்கே. இரண்டும் வாயை மூடிக்கொண்டால், இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டும் நடக்கும் ஏதோ ஒன்று. இதெல்லாம் ஒரு நிமிட வேலை. ஒரு நிமிடத்தில் முடிவதை ஆய்வு என்று ஏற்க எந்த நெறியாளரும் முன்வராததால் அடுத்த இயலுக்குச் செல்வோம்.

ஒலிப் பாகுபாடு

தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்றே ஒலிக்கு முதல் என்று வைத்து, அது உருப்பெறும் இடங்கள் எட்டு என்கிறார். லேப்டாப்பில் காற்று எழும் உறுப்பு ஃபேன் ஒன்றே. அப்படியானால் காற்றே இல்லாமல் கத்தும் கம்பிச்சுருளை, அதாவது காயிலை, என்ன செய்வது? தொல்காப்பியர் அதையும் அறிந்திருந்தார், சொல்லாமல் விட்டார், அவ்வளவே என்று நிறுவ ஒரு சாரார் தயாராக உள்ளனர். மேடையும் மைக்கும் கொடுத்தால் போதும்.

இடையினம். ஃபேன். தூசி அடைத்தால் இரைச்சல், பேரிங் தேய்ந்தால் கரகரப்பு, இறக்கையில் ஒயர் உரசினால் 'டிர்ர்ர்'. சுத்தம் செய்யவும், அல்லது மாற்றவும்.

வல்லினம். ஹார்டு டிஸ்க். லேப்டாப்பில் வரும் வழக்கமான டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதாவது நொடிக்கு 90. சுற்றும்போது எழும் மெல்லிய ரீங்காரம் இயல்பு. எப்போதாவது ஒரு 'டக்', தலை ஓய்விடத்துக்குப் போகும் ஒலி, அதுவும் இயல்பு. விட்டு விட்டு, தாளம் தவறாமல் 'டக்... டக்... டக்' என்றால், தலை தட்டைப் படிக்க முடியாமல் திரும்பித் திரும்பி முயல்கிறது என்று பொருள். ஃபோட்டோக்களை அன்றைக்கே வேறிடத்தில் காப்பி எடுத்துவைக்கவும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே எஸ்.எஸ்.டி. போட்ட லேப்டாப்பில் டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டால் ஒலியியல் துறையை விட்டு வேறு துறையை அணுகுக.

மெல்லினம். சார்ஜரின் கீச்சொலி. இவ்வாய்வின் உயிர்நிலை. சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். லேப்டாப்புக்கு வேண்டியது பெரும்பாலும் 19, 20 வோல்ட் நேர்மின்சாரம். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட அடாப்டர், வந்த மின்சாரத்தை நேராக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கி, சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியே கீழே இறக்குகிறது. அவ்வளவு வேகமாக நறுக்குவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. நறுக்கும் வேகம் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே என்பதால் முழு லோடில் நமக்குக் கேட்பதில்லை. பேட்டரி நிறைந்ததும், அல்லது லேப்டாப்பைக் கழற்றியதும் வேலை குறைகிறது. அப்போது அடாப்டர் தொடர்ந்து நறுக்காமல், கொஞ்சம் நறுக்கிக் கொஞ்சம் ஓய்கிறது. அந்த விட்டுவிட்டு நறுக்கும் தாளம் செவிக்கு எட்டும் வரம்புக்குள் விழுந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போதுதான் சார்ஜர் அதிகம் கத்துகிறது என்று பேத்தி சொன்னது இதனால் உண்மையாகிறது. உழைக்கும்போது மௌனம், ஓய்வில் முழக்கம்: கருத்தரங்குகளில் இந்நிகழ்வு ஏற்கெனவே பதிவாகியுள்ளது.

மின்சாரம் ஏறி இறங்கினால் பொருள் ஏன் அதிர வேண்டும்? காந்தமேற்றினால் இரும்பு மயிரிழை நீளும் என்று 1842-ல் ஜூல் கண்டார். படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும் என்று 1880-ல் கியூரி சகோதரர்கள் காட்டினர்; மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்று மறு ஆண்டே கணக்குப் போட்டுச் சொன்னவர் லிப்மன். அடாப்டரிலும் மதர்போர்டிலும் உள்ள காயில்கள் ஜூல் கண்ட நீட்சியாலும் மின்காந்த விசையாலும் துடிக்கின்றன. பேரியம் டைட்டனேட்டால் ஆன பீங்கான் கெபாசிட்டர்கள் லிப்மன் சொன்னபடி சுருங்கி விரிகின்றன. அவை ஒட்டிக்கொண்டிருக்கும் போர்டு, வீணைக்குக் குடம்போல, அந்தச் சிறு துடிப்பை வாங்கிப் பெரிதாக்குகிறது. பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது சில லேப்டாப்புகள் 'ஜிர்ர்' என்பதும் இதுவே: புராசஸர் தூங்கி விழிக்கும்போதெல்லாம் மின்னோட்டம் எகிறி இறங்குகிறது. காதுக்குத் தொல்லை, கருவிக்குப் பெரும்பாலும் கேடில்லை.

சார்பொலி. சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் வெளி ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வருவது. தனித்து இயங்காது. சார்ஜரின் எர்த்தும் ஸ்பீக்கரின் எர்த்தும் வெவ்வேறு வழியாகச் சேர்ந்து வளையம் போடுவது வழக்கமான காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பார்க்கவும். எர்த் பின்னை உடைத்துச் சரிசெய்யும் பேரறிஞர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் லேப்டாப்பின் உலோக முதுகைத் தொட்டால் 'சுர்ர்' என்கிறது. அது ஒலியன்று. ஆயினும் தொட்டவர் கத்துவதால் இவ்வியலில் அடங்கும்.

இன்வெர்ட்டர் ஒலி. கரண்ட் போனதும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சீலிங் ஃபேன் முனகும். சில அடாப்டர்களும் ஒத்துப் பாடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அடங்கும்.

தனிநிலை. டச்பேட் அழுந்த மாட்டாமல் நெறுநெறுப்பது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது. பேட்டரி உள்ளே வாயு கட்டி உப்பியிருக்கிறது. குத்தவோ அமுக்கவோ கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, மாற்றக் கொடுக்கவும்.

ப்ளக் பாயிண்டில் சடசடப்பு, கூடவே கருகல் வாடை: ஆய்வை நிறுத்தி மெயினை அணைக்கவும்.

சூத்திர விசாரம்

இனி இவ்வாய்வின் தலையாய இயல். மேற்கண்ட ஒலிகள் எல்லாவற்றுக்கும் சர்வீஸ் சென்டர் மரபில் ஒரே சூத்திரம் வழங்குகிறது:

அது அப்படித்தான் சார் இருக்கும்.

திணை: பாலை. துறை: டோக்கன் எடுத்துக் காத்திருந்த வாடிக்கையாளர்க்கு, மானிட்டரை விட்டுக் கண்ணெடாது கவுண்டர்க்கு உள்ளிருந்தோன் கூறியது.

'அது' என்பது சேய்மைச்சுட்டு. லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேல் கிடக்கவும் 'இது' என்னாது 'அது' என்றான், தனக்கும் அதற்கும் தொடர்பின்மை தோன்ற. 'அப்படி' எனச் சுட்டியது எதனையோ எனின், வாடிக்கையாளர் தம் வாயால் எழுப்பிக்காட்டிய ஓசையை. 'தான்' தேற்றப் பொருளில் வந்தது, பிரிநிலை என்பாரும் உளர் (அண்ணாச்சி, 'தான்' விசாரம், தெருக்குழாயடி, தண்ணீர் வந்தபோது தொடங்கித் தண்ணீர் நின்றதும் முற்றுப்பெறாமல் நின்றது). 'சார்' விளி போலும் எனின், அன்று. வந்தவர் பெண்ணாயினும் இதுவே பாடமாதலின் அசைநிலை என்க. 'இருக்கும்' என்பதில் எதிர்காலம் இயல்பு குறித்து நின்றது. வாரண்டி முடிந்த பின்னும் இருக்கும் என்பது எச்சத்தாற் கொள்க.

'அது நார்மல்தான் சார்' என்பதே மூலபாடம் என்று ஒரு பிரிவினர் வாதிடுவர். 'நார்மல்' பிற்சேர்க்கை, பழைய சுவடியில் இல்லை என்பர் மற்றவர். அச்சுவடியை எவரும் பார்த்ததில்லை (அண்ணாச்சி, மேலது, எஞ்சிய பகுதி, இது அவர் மைத்துனர் வசம் பரணில் உள்ளதாகவும், கேட்டால் 'தேடி எடுத்துத் தாரேன்' என்பதாகவும், நெடுங்காலமாக அதையே சொல்லிவருவதாகவும், தனித்தனியே மூவர் தரும் புறச்சான்று காண்க). இரு தரப்பாரும் சார்ஜரில் காது வைத்ததில்லை. ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்ததும் இல்லை என்பதால் விவாதம் நாகரிகமாக நடந்துவருகிறது.

சூத்திரம் பொய்யா எனின், அதுதான் சங்கடம். மெல்லினத்துக்கு அது மெய். சார்ஜரின் கீச்சொலி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஹார்டு டிஸ்க் தாளம் போடும்போதும், டச்பேட் நெறுநெறுக்கும்போதும், கவுண்டர் அதே சூத்திரத்தை அதே ராகத்தில் ஓதுகிறது. அங்கே அது பொய். ஓரிடத்தில் மெய்யான ஒன்றை எல்லா இடத்துக்கும் நீட்டுவது சர்வீஸ் சென்டர்க்கு மட்டும் உரிய கலை அன்று. ஒரு கோட்பாட்டைக் கற்றுக்கொண்டு, சங்கப்பாடல் வந்தாலும் அதையே, சினிமாப் பாட்டு வந்தாலும் அதையே, சந்தா ரசீது வந்தாலும் அதையே பொருத்திக்காட்டி ஓய்வுபெறும் பேராசிரியப் பெருமக்களும் உண்டு. அவர்களிடம் பிரதியைக் காட்டி 'இதில் வேறேதோ சத்தம் கேட்கிறதே ஐயா' என்றால் வரும் விடையும் அந்த நான்கு சொல்தான்.

மேலாய்வுக் களங்கள்

ஃபிரிட்ஜின் இருமல்: ஓர் அமைப்பியல் பார்வை. வாஷிங் மெஷினின் நடைப்பயணம்: புலம்பெயர் நோக்கு. சீலிங் ஃபேனில் இரட்டைக்கிளவி. இவற்றில் எதை எடுப்பவரும் எக்காரணம் கொண்டும் முதலில் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டாம். ஒரு நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். மீதி முந்நூறு பக்கத்துக்கு எங்கே போவது?